மருந்து ஒருவருக்கு, சோறு வீட்டாருக்கு



நாளிதழைப் பிரித்தால் நாள்தோறும் ஏதேனும் ஒரு மருத்துவச் செய்தி கண்ணிற் படுகின்றது. காப்பி இதயத்துக்கு நல்லது என்று ஒரு வாரம் படிக்கின்றோம். தீது என்று மறு வாரம் படிக்கின்றோம். முட்டையை விலக்கச் சொன்னவர்களே பின்னர் உண்ணலாம் என்கின்றனர். இவற்றைப் படித்துச் சலித்துப்போன நம் பங்கு மக்களுள் சிலர், "சாமி, இதில் எதைத்தான் நம்புவது?" என்று நம்மை வினவுவதுண்டு. எல்லா ஆராய்ச்சியும் ஒரே தரத்தன அல்ல என்பதே நாம் கூறும் விடை. சிலரிடம் கேட்டெழுதிய கணக்கு வேறு. பல்லாயிரம் பேரை இரு கூறாகப் பிரித்து, ஒரு கூற்றார்க்கு ஒன்றை அளித்து, மறு கூற்றார்க்கு அளிக்காது விட்டு, ஆண்டுக்கணக்கில் இரு சாராரையும் கண்காணித்துக் கண்ட முடிவு வேறு. பின்னதன் சொல்லுக்கு எடை மிகுதி.

அத்தகைய எடைமிக்க ஆராய்ச்சி ஒன்றைப் பற்றியே இத்திங்கள் உங்களோடு உரையாட விழைகின்றோம். அது அயல்நாட்டுச் செல்வர்களிடத்துச் செய்யப்பட்டதன்று. நம் சவ்வாது மலைவாழ் மக்களை ஒத்த ஏழை எளிய மக்களிடையே, நம் நாட்டிலேயே நிகழ்த்தப்பட்டது. அதன் முடிவோ நம் வீட்டு அடுக்களையைப் பற்றியது.

நம் பாட்டன்மார் க்ஷயம் என்றும், எலும்புருக்கி என்றும் அஞ்சி அழைத்த காசநோயைப் பற்றியது அவ்வாராய்ச்சி. "டி.பி. இன்னும் இருக்கிறதா?" என்று கேட்போர் உளர். இருக்கின்றது. உலகில் இந்நோயால் வாடுவோருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் நம் இந்தியர். இந்நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டறிந்ததாக ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் காக் 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் அறிவித்தார். நூற்றைம்பது ஆண்டுகளை நெருங்குகின்றோம். கிருமியும் தெரியும், அதைக் கொல்லும் மருந்தும் உண்டு, அம்மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவும் கிடைக்கின்றது. அவ்வாறிருந்தும் நோய் ஏன் நம்மை விட்டு அகலவில்லை?

இக்கேள்விக்கு விடை காண, கிருமியின் இயல்பை முதலில் அறிய வேண்டும். நுரையீரலில் நோயுற்றவர் இருமும்போதும் தும்மும்போதும் கிருமி காற்றிற் கலந்து, அருகிருப்போர் மூச்சின் வழி உட்புகுகின்றது. உண்ணும் தட்டினாலோ, குடிக்கும் குவளையினாலோ அது பரவுவதில்லை. உட்புகுந்த கிருமி உடனே நோயாக மாறுவதும் இல்லை. உலக மக்களுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் உடலில் இக்கிருமி ஒரு காலத்தில் புகுந்திருக்கின்றது என உலக சுகாதார நிறுவனம் கணிக்கின்றது. அவர்களுள் நூற்றுக்கு 5 முதல் 10 பேரே வாழ்நாளில் என்றேனும் நோயாளர் ஆகின்றனர். ஏனையோரிடம் அது அடங்கிக் கிடக்கின்றது. உடலின் எதிர்ப்பாற்றல் அதைச் சிறை வைத்திருக்கின்றது எனலாம். சிறைக்காவலன் சோர்ந்துபோகும் நாளிலே கைதி வெளியேறுகின்றான். காவலனைச் சோர்வடையச் செய்பவை பல: நீரிழிவு, புகைப்பழக்கம், மிதமிஞ்சிய குடி, எய்ட்ஸ் கிருமி. இவையனைத்திலும் நம் நாட்டில் முன்னிற்பது அரைவயிற்றுச் சோறு.

ஆயினும் இவ்வுண்மை நெடுங்காலம் பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்தது. அவ்வாறு தள்ளப்பட்டதற்கு நம் தமிழ்நாட்டிலேயே நிகழ்ந்த மற்றொரு சிறந்த ஆராய்ச்சி ஒருவகையிற் காரணமாயிற்று என்பது வியப்புக்குரியது.

1956ஆம் ஆண்டு சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கப்பெற்றது. லூர்து அன்னை திருத்தலம் அமைந்த நம் மாவட்டத்துச் சேத்துப்பட்டு அன்று. இது சென்னை மாநகரின் சேத்துப்பட்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை மாநில அரசும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் கைகோத்து அதை நிறுவின. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் என்பார் அதன் தொடக்க கால ஆய்வுகளுக்குத் தலைமை தாங்கினார். இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயருடன் விளங்குவது அந்நிலையமே.

அக்காலத்தில் காசநோய் கண்டவரைச் சானடோரியத்தில் சேர்ப்பதே முறையான மருத்துவம் எனக் கருதப்பட்டது. 1928இல் டாக்டர் சௌரி முத்து என்பார் தாம்பரத்தில் நிறுவிய சானடோரியத்தின் பெயரை அவ்விடத்து ரயில் நிலையம் இன்றளவும் தாங்கி நிற்கின்றது. தூய காற்று, முழு ஓய்வு, பால், முட்டை, இறைச்சி ஆகிய இவையே மருத்துவத்தின் தூண்கள். ஆனால் இலட்சக்கணக்கான நோயாளருக்குச் சில ஆயிரம் படுக்கைகள் எம்மட்டு? ஆகவே சேத்துப்பட்டு நிலையத்தார் துணிந்து ஒரு சோதனை செய்தனர். சென்னையின் ஏழை நோயாளரைக் குலுக்கல் முறையில் இரு கூறாக்கி, ஒரு சாராரைச் சானடோரியத்துக்கு அனுப்பினர். மறு சாராரை அவரவர் குடிசையிலேயே இருக்கச் செய்தனர். இரு சாராருக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்து. முடிவு 1959இல் வெளியாயிற்று. வீட்டிலிருந்தோர் நெருக்கடி மிகுந்த அறைகளில் வாழ்ந்து, எளிய உணவை உண்டு, ஓய்வும் குறைவாகவே பெற்றனர். ஆயினும், சானடோரியத்தில் இருந்தோர்க்கு ஏறக்குறைய நிகராகவே அவர்கள் குணமடைந்தனர். அவர்தம் வீட்டாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கும், நோயாளர் தம் குடும்பத்தாருடன் வாழ்ந்தவாறே மருந்துண்ணும் முறை பரவியதற்கும் இச்சென்னை ஆய்வு பெருங்காரணம் ஆயிற்று. இலட்சோப இலட்சம் தந்தையரும் தாயரும் தம் பிள்ளைகளைப் பிரியாமலே உயிர் பிழைத்தனர்.

நிற்க. அந்நல்ல முடிவினின்று மற்றொரு கருத்தும் கிளைத்தது. "உணவு எளிதாயினும் மருந்து நன்றாயின் போதும், நோய் தீரும்" என்ற எண்ணம் மருத்துவ உலகில் வேரூன்றிற்று. கிருமியைக் கொல்லுதல் என்ற அளவில் அது மெய்யே. ஆனால் கேட்கப்படாத கேள்விகள் இரண்டு எஞ்சி நின்றன. எலும்பும் தோலுமாய் வரும் நோயாளர், மருந்து வேலை செய்யுமளவும் உயிரோடிருப்பாரா? அவரோடு ஒரே கூரையின்கீழ் அரைவயிறு உண்டு உறங்கும் மனைவி மக்களுக்கு நோய் வாராதிருக்குமா?

இவற்றுக்கு விடையின் சாயல் முன்னரே தென்படாமல் இல்லை. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகருக்கு அண்மையில் பாப்வொர்த் என்னும் குடியிருப்பு இருந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் தோன்றிய அவ்வூரில் காசநோயாளர் தம் குடும்பத்தாரோடு குடியமர்த்தப்பட்டனர். வீடும், இயன்ற வேலையும், கூலியும், நிறைந்த உணவும் அவர்களுக்கு அளிக்கப்பட்டன. கிருமியைக் கொல்லும் மருந்து எதுவும் அன்று இல்லை. அங்குப் பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் உடலில் கிருமி புகுந்தது உண்மை. ஆயினும் அது நோயாக முற்றியது அரிதினும் அரிதே. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியில் ஒரே முகாமில் அடைபட்டிருந்த பிரிட்டிஷ் கைதிகளும் ரஷ்யக் கைதிகளும் இதற்கு மற்றொரு சான்று. முகாமில் இரு சாராருக்கும் கிடைத்தது போதாத உணவே. பிரிட்டிஷாருக்கு மட்டும் செஞ்சிலுவைச் சங்கத்தின் பொட்டலங்கள் வந்தன. அவற்றால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 கலோரியும் 30 கிராம் புரதமும் கூடுதலாகக் கிடைத்தன. ரஷ்யரிடையே காசநோய் பன்மடங்கு மிகுந்திருந்தது என்று 1946இல் வெளிவந்த மருத்துவக் குறிப்புக் கூறுகின்றது.

எனினும் இவை தற்செயலாகக் கிடைத்த சான்றுகள். திட்டமிட்டு, குலுக்கிப் பிரித்து, ஒப்பிட்டு அறிந்தாலன்றி மருத்துவ உலகம் ஏற்காது. அப்பணியை மேற்கொண்டவர்கள் மங்களூர் யேனபோயா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் அனுராக் பார்கவாவும் டாக்டர் மாதவி பார்கவாவும் அவர்தம் குழுவினரும் ஆவர். சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அவர்களோடு இணைந்து நின்றது. உணவைப் பின்னுக்குத் தள்ளிய எண்ணத்துக்குத் தன்னையறியாமல் வழிகோலிய அந்நிறுவனமே, அறுபது ஆண்டுகளுக்குப் பின், உணவின் பெருமையை நிலைநாட்டத் துணை நின்றமை நமக்கு மகிழ்ச்சி தருகின்றது.

ஜார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் 2019ஆம் ஆண்டு அவ்வாராய்ச்சி தொடங்கிற்று. அதற்கு ரேஷன்ஸ் என்றே பெயரிட்டனர். நம் தெருமுனைக் கடையை நினைவூட்டும் பெயர். நுரையீரல் காசநோய் கண்ட 2,800 பேரும், அவர்களுடன் ஒரே வீட்டில் வாழ்ந்த 10,345 பேரும் அதிற் பங்கேற்றனர். பெரும்பாலோர் பழங்குடி மக்கள்.

நோயாளர் அனைவர்க்கும், எப்பிரிவினர் ஆயினும், மாதந்தோறும் 10 கிலோ உணவுப் பொருள்கள் அளிக்கப்பட்டன: அரிசி, வறுத்த கடலைமாவு, பால்மாவு, எண்ணெய். நாளொன்றுக்கு 1,200 கலோரியும் 52 கிராம் புரதமும் தரத்தக்கவை அவை. பசித்த நோயாளரிடம் சோற்றை மறுத்து ஆராய்வது முறையன்று என ஆய்வாளர் கருதினர். வேறுபாடு வீட்டாரிடத்தே செய்யப்பட்டது. ஒரு பிரிவில், நோயாளரின் வீட்டிலிருந்த ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ பருப்பும், அவற்றுடன் வைட்டமின் மாத்திரைகளும் கொடுக்கப்பட்டன. சிறு பிள்ளைகளுக்கு அதிற் பாதி. மறு பிரிவில் வீட்டார் தாம் வழக்கமாக உண்பதையே உண்டனர். 2022 ஜூலை வரை அனைவரும் கண்காணிக்கப்பட்டனர்.

2023 ஆகஸ்டில் முடிவு வெளியாயிற்று. வழக்கமான உணவை உண்ட வீட்டாருள் 122 பேருக்குப் புதிதாகக் காசநோய் கண்டது. கூடுதல் உணவு பெற்ற பிரிவில் ஆட்கள் மிகுதி. ஆயினும் நோய் கண்டவர் 96 பேரே. கணக்கிட்டுப் பார்க்கையில், அரிசியும் பருப்பும் பெற்ற வீடுகளில் காசநோய் 39 விழுக்காடு குறைந்தது. சளியில் கிருமி உறுதிப்பட்ட, பிறருக்குப் பரவவல்ல நோய் 48 விழுக்காடு குறைந்தது. ஏறத்தாழ பாதி எனலாம். புதிய தடுப்பூசி ஒன்று இவ்வளவு பயன் தந்திருப்பின் உலகமெங்கும் முரசறைந்திருப்பர். இங்கே பயன் தந்ததோ சோறும் பருப்பும்!

நோயாளர் நிலையையும் அவ்வாராய்ச்சி தெளிவாக்கிற்று. சேர்ந்தவருள் நூற்றுக்கு எண்பதின்மருக்கு மேற்பட்டோர் உடல் மெலிந்தவர். ஏறத்தாழ பாதிப்பேர் மிகக் கடுமையாக மெலிந்தவர். மெலிவை அளக்கும் முறை எளிது. 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் 47 கிலோவுக்குக் கீழிருப்பின் மெலிந்தவர். 41 கிலோவுக்குக் கீழ் எனில் கடும் மெலிவு. 36 கிலோ எனில் உயிருக்கே ஆபத்து. மருந்து தொடங்கிய முதல் இரு மாதங்களில் உடல் எடை 5 விழுக்காடு கூடியவர்களிடம் இறப்பு அபாயம் 61 விழுக்காடு குறைந்திருந்தது. 40 கிலோ எடையுள்ளவர்க்கு 5 விழுக்காடு என்பது வெறும் 2 கிலோ. அந்த 2 கிலோவில் ஓர் உயிர் ஊசலாடுகின்றது.

நம் தமிழ்நாட்டிலும் இவ்வறிவு செயல்வடிவம் பெற்றுள்ளது. காசநோய் மரணங்களுட் பெரும்பாலானவை மருந்து தொடங்கிய முதல் இரு மாதங்களுக்குள்ளேயே நிகழ்வன. ஆதலின் 2022 ஏப்ரலில் "தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம்" தொடங்கப்பெற்றது. சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் இதற்குத் துணை நிற்கின்றது. நோய் உறுதிப்பட்டவுடன் செவிலியர் சிலவற்றை நோக்குகின்றனர். உடல் மிக மெலிந்துள்ளதா? காலில் வீக்கம் உண்டா? மூச்சு நிமிடத்துக்கு 24க்கு மேல் இரைக்கின்றதா? குருதியில் பிராணவாயு 94 விழுக்காட்டுக்குக் கீழ் இறங்கியுள்ளதா? துணையின்றி எழுந்து நிற்க இயலுகின்றதா? இவற்றில் ஆபத்துக் குறி தென்படின், மருந்தைக் கையிற் கொடுத்து வீட்டுக்கு அனுப்பாமல், மருத்துவமனையிற் சேர்த்து உணவும் சிகிச்சையும் அளிக்கின்றனர். பெரிய இயந்திரங்கள் எவையும் தேவைப்படாத முறை இது. கண்ணும் கருத்தும் இருந்தாற் போதும்.

இனி நம் வீடுகளுக்கு வருவோம்.

நம் மாவட்டம் மழையை நம்பிய வறண்ட மாவட்டம். செங்கம், தண்டராம்பட்டு, போளூர்ப் பகுதிகளிலிருந்து பிழைப்பைத் தேடிப் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குச் செல்வோர் எத்தனை பேர் என்பதை நீங்கள் அறிவீர்கள். தகரக் கொட்டகையில் பத்துப் பேர் நெருங்கிப் படுத்து, சிமெண்டுத் தூசியைச் சுவாசித்து, காலையில் தேநீரும் பன்னும், இரவில் கிடைத்ததும் உண்டு, மாதக்கணக்கில் உழைக்கின்றனர். பின்னர் இருமலோடு ஊர் திரும்புகின்றனர்.

அத்தகைய இல்லங்களுக்கு நாம் சென்று பார்த்ததுண்டு. காட்சி எங்கும் ஏறத்தாழ ஒன்றே. "முட்டை சாப்பிடு, பருப்புச் சாப்பிடு" என்று நோயாளரிடம் மருத்துவர் சொல்லியிருப்பார். வீட்டிலே ஒரு முட்டை அவியும். அது தந்தையின் தட்டுக்குப் போகும். சுற்றியமர்ந்த குழந்தைகள் அதையே நோக்கும். எந்தத் தந்தைக்கு அது தொண்டையில் இறங்கும்? அவர் பாதியைப் பிட்டு இளையவளுக்குக் கொடுப்பார். மனைவியோ எல்லாரும் உண்டபின் சட்டியில் ஒட்டியதை நீர் ஊற்றிக் குடித்துவிட்டு, "எனக்குப் பசியில்லை சாமி" என்பார். நோயாளருக்கு மட்டும் உணவளித்தால் நோயாளரும் முழுமையாக உண்ணார், வீட்டாரும் பசித்திருப்பர். ஆகவேதான் வீட்டார் அனைவர்க்கும் சோறு என்பது நோயாளரின் பங்கையும் காக்கின்ற வேலியாகின்றது.

மற்றொன்றையும் வருத்தத்துடன் கூற வேண்டும். சில இல்லங்களில் நோயாளருக்கு ஒரு தனித்தட்டும் தனிக்குவளையும் திண்ணையில் ஓர் ஓரமும் ஒதுக்கப்படுகின்றன. மருமகள் நோயுற்றால் தாய்வீட்டுக்கு அனுப்பப்படுகின்றாள். மகளின் திருமணம் தடைப்படும் என்றஞ்சி நோயையே மறைக்கின்றனர். அன்பர்களே, தட்டைப் பிரிப்பதால் யாதொரு பயனும் இல்லை. சன்னலைத் திறந்து வைப்பதாலும், இருமும்போது வாயைத் துணியால் மூடுவதாலும், மருந்தைத் தவறாது உண்பதாலுமே பரவுதல் தடைப்படும். நோயாளர் வீட்டிலேயே இருந்ததால் வீட்டாருக்கு நோய் கூடுதலாகப் பரவவில்லை என்பதைச் சென்னை ஆய்வு முன்னரே காட்டிவிட்டது.

நாம் செய்யத்தக்கவை யாவை?

முதலாவது: இருமல் இரு வாரங்களுக்கு மேல் நீடித்தாலும், மாலை வேளையில் காய்ச்சல் அடித்தாலும், காரணமின்றி எடை குறைந்தாலும், சளியில் இரத்தம் கண்டாலும், மருந்துக் கடையில் இருமல் மருந்து வாங்கிக் குடித்துக் காலந்தாழ்த்தாது அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சளியைப் பரிசோதிக்க வேண்டும். ஒருவருக்கு நோய் உறுதிப்பட்டால் வீட்டார் அனைவரும் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். நோயில்லை என்று உறுதியானவர்க்கு, நோய் வாராது தடுக்கும் மருந்தும் இன்று உண்டு. அதன் ஒருவகை வாரம் ஒருமுறை வீதம் 12 வாரங்கள் உண்ணத்தக்கது. மருத்துவர் அதனைக் கொடுத்தால் மறுக்காதீர்கள்.

இரண்டாவது: மருந்தைப் பாதியில் நிறுத்தலாகாது. வழக்கமான சிகிச்சைக்கு ஆறு மாதங்கள் ஆகும். இரண்டாம் மாதத்திலேயே இருமல் நின்று முகம் தெளியும். "குணமாகிவிட்டது" என்று அப்போது நிறுத்துவோரிடமே மருந்துக்கு அடங்காத கிருமி முளைக்கின்றது. நல்லுணவு உண்பவர்க்கு மருந்து வேண்டா என்று இக்கட்டுரையை யாரேனும் பொருள் கொள்வாராயின் அது பெருந்தவறு. உணவு மருந்துக்குத் துணையேயன்றி மாற்று அன்று.

மூன்றாவது: எடை பார்த்தல். மாதம் ஒருமுறை நோயாளரின் எடையையும் வீட்டாரின் எடையையும் குறித்து வையுங்கள். இரு மாதங்களில் நோயாளரின் எடை ஏறவில்லையாயின், மருத்துவரிடம் அதனைச் சொல்லுங்கள்.

நான்காவது: புகையும் குடியும். நம் அண்டை மாவட்டமாகிய விழுப்புரத்தின் சிற்றூர்களிலும் சென்னை நகரிலும் நிகழ்ந்த 43,000 ஆடவர் மரணங்களை ஆராய்ந்து டாக்டர் கஜலட்சுமி குழுவினர் 2003இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். புகைப்போர் காசநோயால் இறக்கும் அபாயம், புகையாதோரைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு. பீடிக்குச் செலவிடும் காசு பருப்புக்கு ஆகட்டும்.

ஐந்தாவது: உணவு. விலையுயர்ந்த சத்துமாவு டப்பாக்கள் தேவையில்லை. நம் கொல்லையில் விளையும் மணிலாக்கொட்டை ஒரு கைப்பிடி, அதாவது 50 கிராம், ஏறத்தாழ 12 கிராம் புரதம் தரும். துவரையோ கொள்ளோ 50 கிராம் ஏறத்தாழ 11 கிராம் தரும். ஒரு முட்டை 6 கிராம். ரேஷன் அரிசிச் சோற்றோடும், கேழ்வரகுக் களியோடும், சவ்வாது மலைச் சாமையோடும் இவை சேர்ந்தாற் போதும். நாள்தோறும் சேரவேண்டும் என்பதே முக்கியம். சோற்றுப் பானை நிறைந்து பருப்புச் சட்டி நீர்த்திருப்பதே நம் ஏழை இல்லங்களின் குறை. ரேஷன் கடையில் பருப்பு வரும் நாளைத் தவறவிடாதீர்கள்.

அரசு உதவியும் உண்டு, கேட்டுப் பெறுங்கள். நோயாளரின் உணவுக்கென 2018 ஏப்ரல் முதல் மாதம் 500 ரூபாய் வழங்கப்பட்டது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய் ஆயிற்று. சிகிச்சைக் காலம் முழுவதும் நோயாளரின் வங்கிக் கணக்கில் அது சேரும். கணக்கு இல்லாமையாலும், ஆதார் எண் இணையாமையாலும் பணம் பெறாதோர் உண்டு. படித்த நம் இளைஞர்கள் அக்குடும்பங்களோடு வங்கிக்கு ஒரு நடை சென்று வந்தால் அதுவே பேருதவி.

இன்னும் ஒன்று. 2022 செப்டம்பர் முதல் "நிக்ஷய் மித்ரா" என்ற பெயரில், தனியாரும் சங்கங்களும் நிறுவனங்களும் காசநோயாளருக்கு மாதந்தோறும் உணவுப் பொருள்கள் வழங்கும் ஏற்பாட்டை மத்திய அரசு செய்துள்ளது. ஜார்க்கண்ட் ஆய்வின் பின்னர், 2024இல், நோயாளரோடு வாழ்வோர்க்கும் உணவளிக்கலாம் என அது விரிவாக்கப்பட்டது. நம் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையாரும், மாதர் சங்கத்தாரும் இதனைக் கருத வேண்டும் எனக் கேட்டுக்கொள்கின்றோம்.

"எத்தனை வீடுகளுக்குக் கொடுத்தால் பயன் தெரியும்?" என்று நம் சபைக் கணக்கர் கேட்கக்கூடும். அதற்கும் ஆராய்ச்சியில் விடை உண்டு. ஏறத்தாழ 30 வீடுகளுக்கு, அதாவது 111 பேருக்கு, உணவளித்தால் ஒருவருக்கு வரவிருந்த காசநோய் தடுக்கப்படும். ஒன்றுதானா என்று எண்ணாதீர்கள். தடுக்கப்பட்ட அந்த ஒருவர் இன்னார் என்று நமக்கு ஒருபோதும் தெரியாது. பள்ளிக்குச் சென்றுகொண்டிருக்கும் ஒரு சிறுமியாக இருக்கலாம், அவளுக்கும் தெரியாது. எஞ்சிய 110 பேரும் ஆறு மாதம் வயிறார உண்டிருப்பர். அதுவும் வீண்போன செலவன்று.

உதவும்போது ஒன்றைக் கருத்திற் கொள்வோம். பொட்டலத்தைக் கோவில் முற்றத்தில் பலர் காணக் கொடுத்துப் படம் பிடிப்பதால் அக்குடும்பத்தின் நோய் ஊரறிய அம்பலமாகும். மறு மாதம் அவர்கள் வாரார். அந்தி சாய்ந்தபின் ஒருவர் தம் பையில் கொண்டுபோய் அடுக்களையில் வைத்துவிட்டு வரட்டும்.

திருவண்ணாமலை சோறிடுதலை அறியாத ஊரன்று. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் எங்கிருந்தோ வரும் முன்பின் அறியாதவர்க்கு நம் இந்துச் சகோதரர்கள் அண்டா அண்டாவாய் அன்னமிடுவதை ஆண்டாண்டாகக் கண்டு வருகின்றோம். ஊரின் அவ்வியல்பு நம்மிடமும் உண்டு. வேண்டுவது, ஒரு நாள் விருந்தை ஆறு மாதப் படியாக்கி, நம் தெருவிலேயே கதவடைத்து இருமிக்கொண்டிருக்கும் ஒரு வீட்டுக்குக் கொண்டு சேர்ப்பதே.

இவ்விதழை மூடிவைத்தவுடன், உங்கள் தெருவில் இரு வாரங்களுக்கு மேல் இருமுகின்றவர் யாரேனும் உளரா என்று எண்ணிப் பாருங்கள். இருப்பின், நாளைக் காலையில் அவரோடு மருத்துவமனை வரை துணைக்குச் செல்லுங்கள். திரும்பும் வழியில் அவர் வீட்டில் எத்தனை பேர் என்றும் கேட்டு வாருங்கள்.

அடுத்த திங்கள் மீண்டும் சந்திப்போம்.